பெர்க்லி–ஸ்டான்ஃபோர்டு கோடாலிய கிட்டத்துல பார்த்த அனுபவம்

நான் பெர்க்லில எம்எஸ் படிச்சேன். அதுக்கு முன்னாடி கிரிக்கெட் தவிர எதையும் முழுசா உக்காந்து பார்த்ததில்ல, அமெரிக்கன் ஃபுட்பால் ரூல்ஸ் இப்பவும் பாதிதான் புரியும், ஆனா 2024 நவம்பர் பிக் கேம மட்டும் என்னால மறக்கவே முடியாது.

1892லேருந்து ஸ்டான்ஃபோர்டோட நடக்குற மேட்ச் இது, ஜெயிக்கிறவங்களுக்கு ஒரு கோடாலி. 1899ல ஒரு பேஸ்பால் மேட்ச்ல ஸ்டான்ஃபோர்டு பசங்க அத வச்சு எங்க கலர் ரிப்பன வெட்டி வெட்டி வெறுப்பேத்த, எங்க பசங்க பிடுங்கிட்டு சான் ஃப்ரான்சிஸ்கோ தெருவெல்லாம் ஓடி, காம்ப அறுத்துட்டு, இரும்ப கோட்டுக்குள்ள மறைச்சு ஃபெர்ரி ஏறிட்டாங்க. 1930ல அவங்க ஆளுங்க 21 பேர் ஃபோட்டோ எடுக்குற மாதிரி வந்து தூக்கிட்டுப் போக, 1933லதான் சரி இனிமே ஜெயிக்கிறவங்க வச்சுக்கட்டும்னு முடிவாச்சு.

என்கூட கோயம்புத்தூர்ல படிச்சவன் அப்ப ஸ்டான்ஃபோர்டுல இருந்தான், அவனும் வந்திருந்தான். நாலாவது குவார்ட்டர்ல நாங்க பின்னாடி, பந்து எங்க பக்கத்து எல்லைக் கோட்டுக்கு ரெண்டே யார்டு முன்னாடி கிடக்கு, அங்கிருந்து 98 யார்டு எதிர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் டச்டவுன் போட்டாங்க, 24–21ன்னு ஜெயிச்சோம். தொண்டை கட்டி ரெண்டு நாள் பேச்சே வரல எனக்கு.

முடிஞ்சதும் எல்லாரும் கிரவுண்டுல இறங்கிட்டாங்க, நானும்தான். கூட்டத்துல கோடாலி என் தலைக்கு மேலயே போச்சு. பெரிய மரப்பலகை, அதுல அந்தப் பழைய இரும்பு, பக்கத்துல வருஷா வருஷம் ஸ்கோர். நான் 1982 வரியத்தான் தேடினேன். அந்த வருஷம் கடைசி 4 செகண்ட்ல பந்த அஞ்சு தடவ கைமாத்தி, மேட்ச் முடிஞ்சுதுன்னு நெனச்சு உள்ள வந்துட்ட ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக்காரங்களுக்கு நடுவுல புகுந்து ஓடி, எங்க டீம் கெவின் மோயன் ஒரு ட்ராம்போன்காரர் மேலயே போய் மோதினார், 25–20.

"டேய், எங்க கைக்கு வந்தா அது 20–19தான், நாங்க மாத்திருவோம்"னான் அவன். சிரிக்கவே இல்ல, அந்தக் கடைசி ஓட்டம் செல்லாதுன்னு அவங்க இன்னும் மனசார நம்புறாங்க. எனக்கு அவன்மேல கோவம் வரல, இன்னும் பிடிச்சுப்போச்சு.

2025ல அவங்க 31–10 ஜெயிச்சாங்க. அன்னிக்கு ராத்திரியே அவன்கிட்டேருந்து மெசேஜ், வேற ஒண்ணுமில்ல, "20–19" மட்டும்.