பைத்தான்ல போஸ்ட் அனுப்பினா பதிலும் வரல எர்ரரும் வரல, ஸ்கிரிப்ட் அப்படியே நிக்குது

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா மண்டை காயுது, யாராச்சும் பாத்து சொல்லுங்க. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு டிஸ்பேட்ச் கணக்கு பாத்துக்குறேன், தினமும் ராத்திரி 11 மணிக்கு அன்னைக்கு போன பண்டல் விவரத்தை டிரான்ஸ்போர்ட்காரங்க சர்வருக்கு அனுப்பணும். பைத்தான்ல ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி போட்டு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து லூப்ல ஒவ்வொண்ணா போஸ்ட் பண்ணும் (சர்வருக்கு பதிவு அனுப்புற எச்டிடிபி மெத்தட்), சுமார் 300 என்ட்ரி, க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற வசதி) ஓடுது.

வாரத்துல ரெண்டு நாள் நடுவுல நின்னுடுது. க்ராஷ் ஆகல. காலைல வந்து பாத்தா ப்ராசஸ் உயிரோட இருக்கு, சிபியு ஒண்ணும் எடுக்கல, லாக்ல கடைசி வரி "அனுப்புறேன் 187", அவ்ளோதான், ராத்திரி பூரா அப்படியே இருந்திருக்கு. கன்ட்ரோல் சி அடிச்சா ட்ரேஸ்பேக் (எந்த வரியில நின்னுச்சுன்னு காட்டுற லிஸ்ட்) எஸ்எஸ்எல் ரீட்ல, அதாவது பாதுகாப்பான லைன்ல பதில் படிக்கிற இடத்துல போய் முடியுது. ட்ரை எக்செப்ட் எல்லாம் போட்டிருக்கேன், எதுலயும் மாட்டல. அவங்கள கேட்டா சர்வர் நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்றாங்க.

இன்னொண்ணு, போன வியாழக்கிழமை நின்ன இடத்துல இருந்து திரும்ப ஓட விட்டேன், 187 ரெண்டு தடவை பதிவாகிடுச்சு, லாரி டிரைவர் ஒருத்தர் இல்லாத பண்டலுக்காக கோடவுன் வாசல்ல ஒரு மணி நேரம் காத்துக் கிடந்திருக்கார். அதுதான் மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. ஏன் எர்ரரே வரமாட்டேங்குது?

நைட்ஷிஃப்ட்:
டைம்அவுட், அதாவது எவ்வளவு நேரம் காத்திருக்கணும்ங்குற வரம்பு, குடுத்திருக்கீங்களா? குடுக்கலன்னு நினைக்கிறேன். ரிக்வெஸ்ட்ஸ்ல டைம்அவுட்னு நீங்களா சொல்லலன்னா அது காலவரை இல்லாம காத்திருக்கும், இது பக் இல்ல, அந்த லைப்ரரி அப்படித்தான், அதோட டாக்குமென்டேஷன்லயே ப்ரொடக்‌ஷன் கோடுல கண்டிப்பா குடுங்கன்னு எழுதியிருக்காங்க. எச்டிடிபிஎக்ஸ்னு இன்னொரு லைப்ரரி இருக்கு, அதுல சொல்லாமலே 5 செகண்டு வச்சிருக்காங்க.

ஏன் எர்ரர் வரலன்னா, கனெக்‌ஷன் போடுற கட்டமும் பதில் படிக்கிற கட்டமும் வேற வேற. லினக்ஸ்ல எதிர்ப்பக்கம் கனெக்‌ஷனே கிடைக்கலன்னா கெர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) முதல் பாக்கெட்டை இன்னும் 6 தடவை அனுப்பிப் பாத்துட்டு 2 நிமிஷம் சொச்சத்துல கைவிட்டுடும், அப்ப உங்க எக்செப்ட்ல மாட்டியிருக்கும். ஆனா கனெக்‌ஷன் கிடைச்சு, நீங்க அனுப்பவும் அனுப்பிட்டு, பதிலுக்காக காத்திருக்கும்போது நடுவுல இருக்குற ஃபயர்வாலோ ரவுட்டரோ அந்த கனெக்‌ஷனை மறந்துடுச்சுன்னா? உங்களுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. டிசிபில (இந்த லைனை நடத்துற நெட்வொர்க் விதிமுறை) ரெண்டு பக்கமும் பேசாம இருக்குறது தப்பே இல்ல, அதனால உங்க கெர்னல் பாத்தா லைன் நல்லா இருக்குற மாதிரியே தெரியும். அமேசான் கிளவுட்ல இருக்குற நாட் கேட்வே (உள்ள இருக்குற மெஷின்களை வெளி இணையத்தோட இணைக்கிறது) 350 செகண்டு எதுவும் போகலன்னா அந்த கனெக்‌ஷனை விட்டுடும், அதுக்கப்புறம் சர்வர் பதில் அனுப்பினாலும் உங்ககிட்ட வந்து சேராது. கீப்அலைவ் (எதிர்ப்பக்கம் உயிரோட இருக்கான்னு அப்பப்ப எட்டிப் பாக்குற வசதி) காப்பாத்தும்னு சிலர் சொல்வாங்க, லினக்ஸ்ல அது முதல் தடவை எட்டிப் பாக்கவே 2 மணி நேரம் ஆகும், அதுவும் சாக்கெட்ல அதை ஆன் பண்ணியிருந்தாத்தான், ரிக்வெஸ்ட்ஸ் தானா ஆன் பண்ணாது.

டைம்அவுட்டுக்கு ரெண்டு எண்ணா குடுங்க, கனெக்ட்டுக்கு 3.05, ரீடுக்கு 30. அந்த 3.05 ஏன்னா டிசிபி பாக்கெட் திரும்ப அனுப்புற இடைவெளி பழைய கணக்குப்படி 3 செகண்டு, அதைவிட கொஞ்சம் கூட வைக்கணும்னு டாக்குமென்டேஷன் சொல்லுது. ஒரு விஷயம் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்குறாங்க, ரீட் டைம்அவுட் 30ன்னா மொத்தமே 30 செகண்டுல முடியும்னு அர்த்தம் இல்ல, ரெண்டு பைட்டுக்கு நடுவுல 30 செகண்டு வரைக்கும் பொறுக்கும்னுதான் அர்த்தம். 25 செகண்டுக்கு ஒரு பைட்டுன்னு சர்வர் சொட்டு சொட்டா அனுப்பினா அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும்.

கடலூர்கோடர்:
ப்ரோ எனக்கும் எஸ்எஸ்எல்ல இப்படி வந்துச்சு, வெரிஃபை ஃபால்ஸ் போட்டதும் சரியாயிடுச்சு, ட்ரை பண்ணி பாருங்க

நைட்ஷிஃப்ட்:
தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க. உங்களுக்கு வந்தது சர்டிஃபிகேட் பிரச்சனையா இருந்திருக்கும், இவருக்கு கனெக்‌ஷன் நல்லபடியா ஆகி 186 என்ட்ரி போயிருக்கு. வெரிஃபைய அணைச்சா எதிர்ல பேசுறது அந்த சர்வர்தானான்னு பாக்குறதையே விட்டுடுறோம், நடுவுல யார் உக்காந்திருந்தாலும் டோக்கன், பில் விவரம் எல்லாம் அவங்க கைக்கு போயிடும்.

பழையமோடம்:
நூல்கண்டு, டைம்அவுட் பத்தி நைட்ஷிஃப்ட் சொன்னது அத்தனையும் சரி, ஆனா அதை மட்டும் போட்டுட்டு ரீட்ரை லூப் எழுதிடாதீங்க, உங்க லாரி டிரைவர் கதை தினமும் நடக்கும்.

ரிஜிஸ்டர் தபால் அனுப்புறோம், அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்ப வரல. லெட்டர் போய் சேரலையா, இல்ல லெட்டர் சேர்ந்து கார்டு மட்டும் வழியில தொலைஞ்சதா? அனுப்பினவருக்கு தெரிய வழியே இல்ல. ரீட் டைம்அவுட்டும் அச்சு அசல் இதேதான், 187 அவங்க டேட்டாபேஸ்ல ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். வியாழக்கிழமை நடந்தது இதுதான், ஏறிடுச்சு, பதில் மட்டும் வரல, நீங்க திரும்ப அனுப்பினீங்க.

அதனாலதான் எச்டிடிபி ஸ்டாண்டர்டுலயே மெத்தட்களை பிரிச்சு வச்சிருக்காங்க. கெட் (படிக்க), புட் (மாத்தி எழுத), டெலிட் (அழிக்க) எல்லாம் ஒரு தடவை அனுப்பினாலும் நாலு தடவை அனுப்பினாலும் விளைவு ஒண்ணாத்தான் இருக்கணும், போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில இருக்குற யுஆர்எல்லிப்3ல ரீட்ரைன்னு ஒரு வசதி இருக்கு, படிக்கும்போது ஏதாவது ஆனா எதை எதை திரும்ப அனுப்பலாம்னு ஒரு லிஸ்ட் வச்சிருக்கும், அதுல போஸ்ட் இருக்காது, வேணும்னேதான் விட்டிருக்காங்க. நெட்ல காப்பி பண்ற கோடுல பாதி போஸ்ட்டையும் உள்ள சேத்து எழுதியிருக்கும், அதை பாத்து போட்டுடாதீங்க.

எர்ரரை பிரிச்சு பாருங்க. கனெக்ட் டைம்அவுட் வந்தா உங்க ரிக்வெஸ்ட் அந்தப்பக்கம் போகவே இல்ல, தைரியமா திரும்ப அனுப்பலாம். ரீட் டைம்அவுட் வந்தா முதல்ல கெட் போட்டு அந்த பண்டல் அங்க இருக்கான்னு கேளுங்க, அதுவும் உடனே கேக்காதீங்க, ஒரு சில நிமிஷம் விட்டு கேளுங்க, சர்வர் இன்னும் அந்த வேலையை முடிக்காம வச்சிருக்கலாம். 429 (ரொம்ப அதிகமா அனுப்புறீங்க) அல்லது 503 (சர்வர் இப்ப தயாரா இல்ல) வந்தா பதில் ஹெட்டர்ல ரீட்ரை ஆஃப்டர்னு இருக்கான்னு பாத்து அவ்வளவு நேரம் பொறுங்க.

இதெல்லாத்தையும் விட நல்லது, ஒவ்வொரு என்ட்ரிக்கும் நீங்களே ஒரு நம்பர் குடுத்து, அனுப்புறதுக்கு முன்னாடியே உங்க டேட்டாபேஸ்ல எழுதி வச்சு, திரும்ப அனுப்பினாலும் அதே நம்பரோட அனுப்புறது. பணம் வாங்குற ஏபிஐ நிறைய இடத்துல ஐடெம்பொட்டென்சி கீன்னு இதுக்குன்னே ஹெட்டர் இருக்கு. அந்த சர்வர்ல அப்படி ஏதாவது உண்டா கேளுங்க. நம்பரை அனுப்புற நேரத்துல உருவாக்கினா பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு தடவையும் புது நம்பர் வந்துடும்.

கணக்குப்புள்ள:
இவங்க சொன்னதோட ஒண்ணு. ரிக்வெஸ்ட்ஸ்ல 400, 500னு எந்த தோல்வி கோடு வந்தாலும் எக்செப்ஷன் தானா வராது, பதில் வந்துடுச்சுல்ல, அது பாட்டுக்கு அடுத்த வரிக்கு போயிடும். தோல்வி கோடு வந்தா எக்செப்ஷன் கிளப்புற ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் கூப்பிடுறீங்களா? இல்லன்னா நின்னு போன என்ட்ரி மட்டும் இல்ல, சர்வர் ஏத்துக்காம திருப்பின என்ட்ரியும் உங்க லாக்ல போயிடுச்சுன்னுதான் இருக்கும். அப்புறம் 300 தடவை தனித்தனியா போஸ்ட் கூப்பிட்டா 300 தடவை எஸ்எஸ்எல் கைகுலுக்கல் நடக்கும், ஒரு செஷன் (அதே லைனை திரும்ப திரும்ப பயன்படுத்துறது) எடுத்து அதுலயே அனுப்புங்க, வேகம் நல்லா தெரியும்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் இல்லவே இல்ல, போட்டு ஓட்டினதும் முதல் நாளே மூணு என்ட்ரி 422ன்னு (விவரம் சரியில்லன்னு) திரும்பி வந்துச்சு, எடை காலியா இருந்திருக்கு, இத்தனை நாளா அதெல்லாம் போயிடுச்சுன்னு நம்பிட்டு இருந்திருக்கேன். சர்வர்காரங்ககிட்ட பழையமோடம் அண்ணன் சொன்ன மாதிரி கேட்டேன், ரெஃபரன்ஸ் நம்பர்னு ஒரு ஃபீல்டு ஏற்கனவே இருக்காம், அதை நிரப்பி அனுப்பினா ஒரே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா 409னு திருப்பிடுவாங்களாம். கட்டாயம் இல்லங்குறதால நான் காலியாவே விட்டிருந்தேன். 409 வந்தா அதை எர்ரரா எடுத்துக்கணுமா?

பழையமோடம்:
திரும்ப அனுப்பினதுக்கு 409 வந்தா அது நல்ல செய்தி, முன்னாடியே ஏறிடுச்சுன்னு அர்த்தம், முடிஞ்சதுன்னு குறிச்சுக்குங்க. முதல் தடவை அனுப்பும்போதே 409 வந்தா நிறுத்திட்டு பாருங்க, ஒரே நம்பரை ரெண்டு பண்டலுக்கு குடுத்திருக்கீங்க.

நூல்கண்டு:
நேத்து ராத்திரி ஓடினதை சொல்லிடுறேன். ரெண்டு ரீட் டைம்அவுட் வந்துச்சு, 64, 211. அஞ்சு நிமிஷம் கழிச்சு அதே நம்பரோட திரும்ப போச்சு. 64க்கு 409, 211க்கு 201. அதாவது ஒண்ணு ஏற்கனவே ஏறியிருந்துச்சு, இன்னொண்ணு ஏறல, ரெண்டுக்கும் என் பக்கம் வந்த எர்ரர் ஒரே எர்ரர்தான். காலைல கோடவுன்ல எண்ணி பாத்தோம், பண்டல் கணக்கு சரியா இருக்கு.