அப்பா ஜெயிலில் இருப்பதால் அக்கா மகனைத் தெருவில் ஒதுக்குகிறார்கள். பள்ளியை மாற்றலாமா?

செல்லூர் மெக்கானிக்:

என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அவன் அப்பா ஒரு அடிதடி வழக்கில் தண்டனை வாங்கி மத்திய சிறையில் இருக்கிறார். வழக்கு சரியா தப்பா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை.

முன்பெல்லாம் அக்கா வீட்டில் சாப்பிட்டுப் போன பையன்கள் இப்போது இவனைக் கண்டால் ஆட்டத்தையே வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச, தெருப் பையன்கள் காசு போட்டு ஒரே கலரில் துணி எடுத்தார்கள். அக்கா காசை எடுத்து வைத்துக் காத்திருந்தாள், கேட்டு யாரும் வரவில்லை. வகுப்பில் பேனா காணாமல் போனால் முதலில் இவன் பையைத்தான் திறக்கிறார்கள், டீச்சர் உட்பட.

வேறு பள்ளியில் சேர்த்து, அப்பா துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்கிறாள் அக்கா. எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர், உசிலம்பட்டி:

தம்பி, துபாய்க் கதை வேண்டாம். செல்லூர் சேதி கோரிப்பாளையம் போய்ச் சேர ஒரு கல்யாண வீடு போதும். அன்றைக்கு, பொய்யன் என்ற பேரும் சேர்ந்து பையன் தலையில்தான் விழும். யாராவது கேட்டால் "அப்பா ஜெயில்ல இருக்கார், வருவார்" என்று சொல்லட்டும். மேலே நோண்டினால் "அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை" என்று முடிக்கட்டும். வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். பதில் தெரியாமல் முழிக்கிற பிள்ளையைத்தான் சீண்டுவார்கள்.

தெருவில் உள்ள அத்தனை பேரிடமும் நியாயம் கேட்கப் போகாதீர்கள். கூட்டத்தில் ஒருத்தரும் இறங்கி வர மாட்டார்கள். முன்பு நன்றாக ஒட்டியிருந்த ஒரு வீடு இருக்குமே, அங்கே மட்டும் போங்கள். தாய்மாமன் நேரில் வந்து, "ஞாயித்துக்கிழமை உங்க பையனை எங்க வீட்டுக்குச் சாப்பிட அனுப்புங்க" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். ஒருத்தன் கூட இருந்தாலே ஒதுக்குவதில் பாதி வேகம் போய்விடும்.

அப்புறம் விளையாட்டு. "சேர்த்துக்கோங்கடா" என்று வாத்தியார் சொல்லிச் சேர்த்த பையன் ஓரத்தில்தான் நிற்பான், என் சர்வீஸில் நிறையப் பார்த்துவிட்டேன். கபடிக்குக் களத்தில் ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் தேறி, ஒரு ஆளுக்கு அல்லாடும் டீமாகப் பாருங்கள். எடைப் பிரிவில் ஒல்லிப் பையனுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ரவுண்டானாவிலேயே கபடி வீரர்களுக்குச் சிலை வைத்த ஊர் உங்களது, டீமுக்கா பஞ்சம்? எதிரணி ரெய்டர் பாடி வரும்போது பக்கத்தில் நிற்பவன் கையைப் பிடித்தாக வேண்டும். பிடிக்க மாட்டேன் என்றால் பாயிண்ட் போகும். என் டீமில் இப்படி ஒதுக்கப்பட்ட ஒருத்தன் கையைப் பிடிக்க முதல் நாள் முகம் சுளித்தவனே ஒரு வாரத்தில் "அந்தக் கார்னர்க்காரன் எங்கே சார்?" என்று தேட ஆரம்பித்தான்.

வக்கீல் அக்கா, மதுரை:

பையைத் திறக்கும் விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முதலில் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். சண்டை தொனி வேண்டாம், தேதியும் நடந்ததும் மட்டும் போதும். அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, அதற்கு மேல் குழந்தைகள் உதவி எண் 1098.

இன்னொன்று. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், பெற்றோரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம்.

பழங்காநத்தம்:

என் அப்பாவும் உள்ளே இருந்தவர்தான். மாஸ்டர் சார் மன்னிக்கணும், எல்லாப் பையனுக்கும் கபடி வராது. எனக்கு வரவில்லை. சைக்கிள் ரிப்பேர் வந்தது. செயின் கழன்றால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், அப்படியே பேச்சு ஒட்டிக்கொண்டது. நீங்கள் மெக்கானிக் வேறு! வேலைக்கு வைக்காதீர்கள், பஞ்சர் ஒட்ட மட்டும் சொல்லிக் கொடுங்கள். புத்தகம் பிடிக்கும் பையன் என்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே யார் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை.

ஜெயிலுக்கு மனு பார்க்க, அதாவது அப்பாவைச் சந்திக்க, அவனைக் கூட்டிப் போகிறீர்களா? என்னை ரொம்ப நாள் கூட்டிப் போகவில்லை. சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று "கணக்குல எவ்வளவுடா?" என்று அவர் கேட்ட பிறகுதான் பயம் போனது.

செல்லூர் மெக்கானிக்:

எல்லோருக்கும் நன்றி. மனுவுக்கு இதுவரை அக்கா மட்டும்தான் போகிறாள், அடுத்த முறை அவனையும் அழைத்துப் போகச் சொல்கிறேன். பள்ளி மாற்றும் பேச்சை நிறுத்தியாச்சு. வக்கீல் அக்கா, வருமானச் சான்றுக்கு எங்கே போக வேண்டும்? மாமா இல்லாமல் கொடுப்பார்களா?

வக்கீல் அக்கா, மதுரை:

இ-சேவை மையத்தில் அக்காவே விண்ணப்பிக்கட்டும். ரேஷன் கார்டும் ஆதாரும் கொண்டு போகச் சொல்லுங்கள். அவர் சிறையில் இருப்பதற்கான கோர்ட் தீர்ப்பு நகல் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நிதி ஆதரவு விண்ணப்பத்துக்கு உதவும்.