செபாஸ்தே காசுக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

ரோமப் பேரரசின் கிழக்கு நகரங்கள் அடித்த வெண்கலக் காசுகளில் வரும், செபாஸ்தே என்ற கிரேக்கப் பட்டம் பெற்ற பெண்களைப் ‘பேரரசி’ என்றாலே போதுமே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. விக்டோரியாவைப் பேரரசி என்று படித்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் நாட்டை ஆண்டவள் என்றே தோன்றும். ‘பட்டத்தரசி’ என்றாலோ மனைவியாகிவிடுவாள்.

ஒரு காசைப் பார்ப்போம். இன்றைய பல்கேரியாவில் இருந்த மார்க்கியானோபோலிஸ் நகரம், ரோமப் பேரரசன் காரகல்லா காலம். முன்பக்கம் இரண்டு முகங்கள் எதிரெதிரே. ஒருபுறம் வாகை சூடிய காரகல்லா. மறுபுறம் அலையலையாக வாரிய கூந்தலோடு யூலியா டோம்னா. பின்பக்கம் ஆளுநர் குவிண்டிலியானுஸ் பெயரும், ‘மார்க்கியானோபோலிஸ் ஊராருடையது’ என்ற வாசகமும். கூடவே கிரேக்க எழுத்து எப்சிலான். அதை எண்ணாகப் படித்தால் 5, அதாவது காசின் மதிப்பு 5 அஸ்ஸாரியா (அந்நாளைய சிறு நாணய அலகு).

இந்த வகையைக் காசுப் பட்டியலில் ஏற்றும்போது ‘அரசனும் பட்டத்தரசியும்’ என்று எழுதிவிட்டேன். டோம்னா அவனைப் பெற்றவள்! தப்பு என்னுடையதுதான், ஆனால் சொல்லும் என்னை அந்தப் பக்கம் தள்ளியது.

லத்தீனில் அகுஸ்தா, கிரேக்கத்தில் செபாஸ்தே என்பது உறவுமுறையல்ல, கொடுக்கப்படும் பட்டம். பேரரசன் திராயானின் அக்கா மார்க்கியானாவுக்கும் அவர் மகள் மதிடியாவுக்கும் அது கிடைத்தது. பேரரசன் எலகபாலுஸின் பாட்டி யூலியா மேசாவுக்கும் கிடைத்தது. ‘வணங்கத்தக்கவள்’ என்பது நேர்ப்பொருள். காசுப் பட்டியலில் எழுத அது நீளம்.

அதனால் ‘பிராட்டி’ என்கிறேன். சோழர் கல்வெட்டில் ‘நம்பிராட்டியார்’ அரசன் மனைவிதான், மறுக்கவில்லை. ஆனால் தனிச்சொல்லாக நின்றால் பிராட்டிக்கு மனைவி என்ற கட்டு இல்லை. அரசியும் பிராட்டி, சீதையும் பிராட்டி. செபாஸ்தோஸ், செபாஸ்தே என்ற இணைக்குப் பிரான், பிராட்டி என்று ஆண்பால் பெண்பாலும் கச்சிதமாக அமைகின்றன. தெய்வச் சாயலும் தேவையானதே. இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோன் நகரக் காசு ஒன்றில் ஒருபுறம் பேரரசன் அகுஸ்டஸின் மனைவி லிவியாவை ஹேரா தெய்வமாகவும், மறுபுறம் அவன் மகள் யூலியாவை அஃப்ரோடைட்டி தெய்வமாகவும் பொறித்தார்கள். பெயர்கள் அங்கே இரண்டாம் வேற்றுமையில் நிற்கின்றன: ‘லிவியாவை, ஹேராவை’. போற்றுகிறோம் என்ற வினையை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். லிவியாவுக்குப் பட்டம் கிடைத்தது கி.பி. 14-ல்தான், கறாராகப் பார்த்தால் இந்தக் காசு என் வரையறைக்குள் வராது. வந்தால் நன்றாக இருக்கும்.

‘அகுஸ்தா’ என்றே ஒலிபெயர்க்கலாம் என்பவர்களுக்கும் சாட்சி இருக்கிறது. மேலே சொன்ன மார்க்கியானோபோலிஸ் காசிலேயே காரகல்லாவைச் செபாஸ்தோஸ் என்று மொழிபெயர்க்காமல் ‘அவுகூஸ்தோஸ்’ என்றுதான் கிரேக்க எழுத்தில் அடித்திருக்கிறார்கள். டோம்னாவுக்கு அங்கே வெறும் பெயர்தான்.

‘மாகாணக் காசு’ என்ற சொல் பற்றிச் சுருக்கமாக: ரோம மாகாணங்களில் அடித்த காசுகள் என்ற மொத்த வகைக்கு அது இருக்கட்டும், எகிப்தின் அலெக்சாந்திரியாக் காசையும் சேர்த்துக்கொள்ளலாம். நகரங்கள் தங்கள் பெயரில் அடித்ததை மட்டும் ‘ஊர்க்காசு’ என்போம். வாசகமே ‘ஊராருடையது’ என்கிறதே. ஆக, டோம்னா காசு பிராட்டி உருவ ஊர்க்காசு.

அப்புறம், காசில் இந்தப் பெண்கள் தலையில் வைத்திருக்கும் பிறை வடிவ அணியான ஸ்தெஃபானேவுக்குப் ‘பிறைமுடி’ என்ற சொல் வந்திருந்தது. வடிவம் சரி. ஆனால் சில காசுகளில் அந்தப் பெண்களின் தோளுக்குக் கீழே நிஜமாகவே ஒரு பிறை இருக்கும். இரண்டு பிறையையும் ஒரே வரியில் விவரித்தால் படிப்பவர் குழம்புவார். ‘நெற்றிப்பட்டம்’ என்றால் என்ன? பட்டம் என்ற சொல்லை விருதுக்கும் வைத்திருக்கிறோமே என்பதுதான் இடிக்கிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.