நத்தார் (கிறிஸ்மஸ்) லீவுக்கு முந்திய கிழமை: மகளைப் பள்ளிக்கு அனுப்பவா, மறிக்கவா?

கல்லடி_அம்மா (2021 டிசம்பர் 14, இரவு 9.20)

வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். வெளியில் இருப்பவர்களும் சொல்லலாம்.

என் மகள் தரம் 8. வகுப்பில் 43 பிள்ளைகள். 40க்கு மேல் என்றால் மூன்று குழு என்ற விதிப்படி பிரித்திருக்கிறார்கள், ஒரு குழுவுக்கு ஒரு கிழமை (வாரம்). கொரோனாவுக்குப் பூட்டிய பள்ளி நவம்பர் 22இல் திறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு முறைதான் வந்தது. அடுத்த முறை வருகிற திங்கள், லீவு விடுவதற்கு முந்திய கிழமை.

அம்மாவுக்கு 74 வயது. நீரிழிவு, அதோடு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). கல்முனையில் தங்கச்சியோடு இருக்கிறார். போன நத்தாருக்கு வர முடியவில்லை, அக்கரைப்பற்றுச் சந்தையில் கன பேருக்கு ஒன்றாகத் தொற்றிய கொரோனாக் கொத்தணிக்குப் பிறகு அந்தப் பக்கம் எல்லாரும் பயந்திருந்த நேரம். இந்த முறை 24ஆம் தேதி கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டோம். இப்போதே போனில் கோல் எடுத்து, பலகாரத்துக்கு மா இடிக்க வேண்டாம், தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

மகளின் வயதுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை, 16க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் போட்டிருக்கிறார்கள். புதிய கொரோனாத் திரிபு ஒமிக்ரோனும் இந்த மாதத் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு கிழமை அவளை மறித்தால் அம்மா பயமில்லாமல் வந்து போகலாம் என்று நினைக்கிறேன். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

படுவான்கரை_ரீச்சர் (டிசம்பர் 14, இரவு 10.05)

தங்கச்சி, அனுப்புங்கள்.

நான் மண்டூர்ப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் படிப்பிக்கிறேன். காலையில் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறித்தான் போகிறேன். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளி என்பதால் ஒக்டோபர் 21இலேயே ஆரம்பப் பிரிவைத் திறக்கச் சொன்னார்கள். சம்பளப் போராட்டத்தில் இருந்த நாங்கள் 25ஆம் தேதிதான் உள்ளே போனோம். அன்றைக்குத் தரம் 2 பிள்ளைகளிடம் பெயரை எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை பென்சிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தது. கனநேரம் கழித்து முதல் எழுத்தை மட்டும் எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டியபோது அந்தப் பிள்ளை தரம் 1இல் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

உங்கள் மகளின் கணக்கைப் பாருங்கள். இந்த ஏப்ரல் கடைசியில் மறுபடியும் பூட்டினார்கள். ஜூலை 12இலிருந்து போராட்டத்துக்காக ஒன்லைன் வகுப்பையும் ஆசிரியர்கள் நாங்கள் நிறுத்தினோம். அதில் எனக்கும் பங்குண்டு, அந்தக் கவலை இன்னும் மனதில் கிடக்கிறது. ஆக, ஏப்ரலுக்குப் பிறகு அவள் வகுப்பறையில் இருந்தது ஒரே ஒரு கிழமை. இந்த முறையும் மறித்தால் திரும்ப அவளுடைய குழு வருவதற்கு ஜனவரி நடுப்பகுதி ஆகிவிடும். நீங்கள் ஒரு கிழமை என்று நினைக்கிறீர்கள், பிள்ளைக்கு அது ஒன்றரை மாதம்.

கிரீனிச்_மட்டுவான் (டிசம்பர் 15, அதிகாலை 3.40)

அக்கா, மறியுங்கள். ரீச்சர் சொல்வது விளங்குகிறது. ஆனால் போன வருசம் இதே கிழமை லண்டனில் நடந்ததை நேரில் பார்த்தவன் நான்.

2020 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. தொற்று வேகமாக ஏறுகிறது, திங்கள் பின்னேரத்தோடு பள்ளியை மூடி ஒன்லைனுக்கு மாறுங்கள் என்று எங்கள் கிரீனிச் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) பள்ளி அதிபர்களிடம் கேட்டது. திங்களே அரசாங்கம், திறந்துதான் வைக்க வேண்டும், மீறினால் நீதிமன்றம் என்று உத்தரவு போட்டது. செவ்வாய் கவுன்சில் பின்வாங்கியது. அனுமதி இல்லாமல் பிள்ளையை மறித்தால் 60 பவுண் தண்டம் வரலாம் என்ற பயம் வேறு. நான் இரண்டு பேரையும் கடைசி நாள் வரை அனுப்பினேன்.

20ஆம் தேதி சின்னவனுக்குக் காய்ச்சல். நத்தாருக்கு முன்பே மாமிக்கு இருமல். பிறகு மூன்று கிழமை ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார், ஆனால் இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் பாதியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குகிறார். பள்ளியிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அனுப்பாமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

அவ்வளவு பிடிவாதமாகத் திறந்து வைத்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள்? ஜனவரி 4இல் பல ஆரம்பப் பள்ளிகள் திறந்தன, அன்று இரவே பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நாளையிலிருந்து மூடு என்றார். அந்தக் கடைசி நாட்களில் அப்படி என்ன படித்துவிட்டார்கள்? படம் பார்த்தார்கள், கார்ட் வெட்டி ஒட்டினார்கள்.

படுவான்கரை_ரீச்சர் (டிசம்பர் 15, மாலை 6.30)

தம்பி, மாமி தேறி வந்தது பெரிய காரியம். உங்கள் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் லண்டன் பள்ளியும் எங்கள் பள்ளியும் இந்த விசயத்தில் ஒன்றில்லை. உங்கள் பிள்ளைகள் செப்டெம்பரில் இருந்து ஒவ்வொரு நாளும் போய்வந்தார்கள், கடைசி மூன்று நாளில் கார்ட் வெட்டலாம். இங்கே ஒரு குழு உள்ளே வருவது மூன்று கிழமைக்கு ஒருக்கா. அந்தக் கிழமைக்கு என்று பாடத்தை நாங்கள் தனியாகத் திட்டமிடுகிறோம். கார்ட் வெட்ட எங்களுக்கு நேரம் இல்லை.

வீட்டில் இருந்து படிக்கட்டும் என்பதும் எல்லாருக்கும் ஆகிற காரியம் இல்லை. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோகிற போன். சிக்னலுக்குக் குளக்கட்டில் ஏற வேண்டும்.

கல்லடி_அம்மா (டிசம்பர் 15, இரவு 8.15)

ரீச்சர், ஒன்றரை மாதம் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் நானும் கலண்டரை எடுத்துப் பார்த்தேன். சரிதான். அதை மறுக்கவில்லை.

ஆனால் வகுப்பறை எப்படி இருக்கிறது என்று நான் கண்ணால் பார்த்தவள். போன முறை மகளைக் கூட்டப் போனபோது நல்ல மழை. சாரல் அடிக்கிறது என்று அரைச்சுவருக்கு மேலே படங்கு (தார்ப்பாய்) கட்டி இறக்கியிருந்தார்கள். உள்ளே பதினாலு பிள்ளைகள், இருட்டு, புழுக்கம். பாதிப் பேருக்கு முகக்கவசம் நாடியில் கிடந்தது, வியர்வையில் நனைந்து ஒட்டினால் பாவம் அவர்களும் என்ன செய்வார்கள்? ஜன்னலைத் திறந்து காற்றோட்டமாக வைத்திருங்கள் என்கிறது சுற்றறிக்கை. மார்கழி மழைக்கு அது தெரியுமா?

இன்னொன்று, இது டெங்குக் காலம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மழைக் காய்ச்சலா, டெங்குவா, கொரோனாவா என்று தெரியவே இரண்டு மூன்று நாள் போய்விடும். அதற்குள் அம்மா வீட்டுக்குள் வந்திருப்பார்.

அக்கரைப்பற்று_வாப்பா (டிசம்பர் 15, இரவு 11.10)

தங்கச்சி, ஸலாம். என் உம்மா இந்த ஓகஸ்ட்டில் கொரோனாவில் மௌத்தானார். கொரோனாவில் இறந்தவர்களை அடக்க ஒதுக்கிய ஓட்டமாவடி மஜ்மா நகரில்தான் அடக்கினோம். அதற்கு முந்திய வருசமாக இருந்தால் அரசாங்கம் அடக்கவே விட்டிருக்காது, எரித்திருப்பார்கள். அந்த ஒரு ஆறுதலோடு திரும்பி வந்தோம். போனது நாங்கள் சில பேர்தான், தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அந்த ஓகஸ்ட்டில் நாடு முழுக்கப் பள்ளி பூட்டிக் கிடந்தது. என் பிள்ளைகள் ஏப்ரலில் இருந்து பள்ளி வாசலை மிதிக்கவில்லை. அப்படியும் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது ஒரு கலியாணத்திலிருந்து வந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். நூறு பேர் ஒரு வளவுக்குள் இருந்து சாப்பிட்டோம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மகள் ரியூசனுக்குப் போகிறாவா?

கல்லடி_அம்மா (டிசம்பர் 15, இரவு 11.25)

போகிறாள். கணிதமும் விஞ்ஞானமும். கிழமையில் மூன்று நாள்.

அக்கரைப்பற்று_வாப்பா (டிசம்பர் 15, இரவு 11.40)

அங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? பள்ளியில் பதினாலு பேர் ஒரு மேசைக்கு ஒருவராக இருக்கிறார்கள். ரியூசன் கொட்டிலில் ஒரு வாங்கில் ஐந்து பேர், வேறு வேறு பள்ளிக்காரர். பள்ளியை மறித்து ரியூசனை விட்டால் உங்கள் அம்மாவுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. நத்தாருக்கு உடுப்பு எடுக்க டவுனுக்குப் போகிற கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரீனிச்_மட்டுவான் (டிசம்பர் 16, அதிகாலை 2.15)

வாப்பா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அதிலிருந்து ரியூசனையும் மறிக்க வேண்டும் என்றுதான் வருகிறது. பள்ளிக்கு அனுப்பலாம் என்று எப்படி வருகிறது? பூட்டியிருந்தபோதே அவ்வளவு பேர் இறந்தார்கள் என்றால், திறந்திருந்தால் இன்னும் கூட இறந்திருப்பார்கள் அல்லவா?

அக்கா, எல்லாவற்றையும் பத்து நாள் நிறுத்துங்கள். தொட்ட நோய் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் வெளியே தெரிந்துவிடும். இங்கேயும் போன வருசம் 18ஆம் தேதி வெள்ளியை ஆசிரியர் பயிற்சி நாளாக எடுக்க விட்டார்கள், நத்தாருக்கு முதல்நாள் வரை ஆறு முழு நாள் இடைவெளி கிடைக்கட்டும் என்று. உங்கள் மகள் படித்த பிள்ளை, ஒன்றரை மாதத்தைப் பிறகு பிடித்துவிடுவாள். 74 வயதில் முட்டுக்காரருக்கு இது வந்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

அம்மாவுக்கு மூன்றாவது ஊசி போட்டாயிற்றா? 60க்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே போன மாதமே தொடங்கிவிட்டார்களே.

கொக்கட்டிச்சோலை_அம்மப்பா (டிசம்பர் 16, காலை 7.50)

பேரன் எழுதித் தருகிறான், நான் சொல்கிறேன்.

எனக்கு 69. மகள் குவைத்தில். இரண்டு பேரப்பிள்ளைகள் எங்களோடு, ஒருவன் தரம் 5, ஜனவரி 22இல் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான். எல்லாரும் வயதான ஆட்களைக் காப்பாற்றப் பிள்ளையை மறிக்கவா என்று கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் மறித்தால் அவன் இருபத்துநாலு மணித்தியாலமும் எங்கள் மடியில்தான். பள்ளிக்குப் போனாலும் வந்து எங்களோடுதான் சாப்பிடுகிறான், ஒரே பாயில் படுக்கிறான். நத்தாருக்கு ஒரு நாள் வந்து போகிற அம்மம்மா எங்கள் வீட்டில் இல்லை. இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் தாய் வெளிநாட்டில், பிள்ளைகள் அம்மம்மாவோடு!

போன வருசமும் இந்த வருசமும் அவன் வீட்டில் இருந்த மாதங்களில் நான் கண்டது என்ன தெரியுமா? காலையில் எழும்பி முகம் கழுவ மாட்டான். தாய் கோல் எடுத்தால் பேச மாட்டான். பள்ளி திறந்த அன்று விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசினான். நான் ஊசி மூன்றும் போட்டுவிட்டேன். எனக்கு வந்தால் வரட்டும், அவன் போகட்டும்.

கல்லடிப் பிள்ளை, அம்மாவுக்காக இவ்வளவு யோசிக்கிறீர்கள், நல்லது. அம்மாவிடம் ஒருக்கா கேட்டீர்களா?

கிரீனிச்_மட்டுவான் (டிசம்பர் 16, மதியம் 1.30)

ஐயா, மன்னிக்க வேண்டும். "எனக்கு வந்தால் வரட்டும்" என்று என் மாமியும் சொன்னவர்தான். வந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போனில் முகம் காட்டும்போது அதைச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைக்கு நீங்களும் வேண்டும் ஐயா, அதுவும் தாய் தூர இருக்கிற பிள்ளைக்கு.

கல்லடி_அம்மா (டிசம்பர் 17, இரவு 8.40)

எல்லாருக்கும் நன்றி. ஐயா கேட்ட பிறகுதான் யோசித்தேன், அம்மாவிடம் இதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நேற்று இரவு கோல் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவளை ஏன் மறிக்கிறாய், என்னை மறியன்" என்றார். நத்தார் நடுச்சாமப் பூசையைக் கல்முனையிலேயே பார்க்கிறாராம். லீவு விட்டு ஒரு கிழமைக்கு மேல் போன பிறகு 31ஆம் தேதி வருகிறாராம். மா மட்டும் இடிக்க வேண்டாம் என்று மறுபடியும் சொன்னார்.

அதனால் மகள் திங்கள் போகிறாள். வாப்பா சொன்னபடி ரியூசனை நாளையோடு நிறுத்துகிறேன், ஜனவரியில் பார்க்கலாம். உடுப்பும் பக்கத்துக் கடையிலேயே எடுத்தாயிற்று. படங்கைப் பற்றி வகுப்பாசிரியரிடம் பேசினேன். மழை விட்ட நேரம் சுருட்டிக் கட்டலாம், இரண்டு பெற்றோர் கயிறு வாங்கித் தந்தால் நல்லது என்றார். கயிறு நான் வாங்கிக் கொடுக்கிறேன்.

நத்தாருக்கு அம்மா இல்லாதது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது வருசம்.

கிரீனிச்_மட்டுவான் (டிசம்பர் 17, இரவு 11.55)

அக்கா, 31 வரை தள்ளியது நல்லது. பள்ளி விசயத்தில் என் மனம் மாறவில்லை, அந்தப் படங்குக்குள் என் பிள்ளையை நான் விட மாட்டேன். ஊசி என்ன ஆனது? அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

கல்லடி_அம்மா (டிசம்பர் 18, காலை 6.45)

மூன்றாவது இன்னும் போடவில்லை தம்பி. இரண்டாவதுக்குக் கை வீங்கினதால் பயந்துகொண்டு இருந்தார். 31ஆம் தேதி வர வேண்டுமென்றால் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். திங்கள் காலையில் தங்கச்சி ஓட்டோவில் கூட்டிப் போகிறாள்.