கப்பலுக்குப் போன கொள்ளுத்தாத்தாவை ஆவணங்களில் தேடுவது எப்படி?

கேள்வி: நாகப்பட்டினத்துக்காரர். 1920 வாக்கில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் சேர்ந்தார். பிறகு தகவலே இல்லை. கப்பல் பெயர் மட்டும் தெரியும். எங்கே தொடங்கலாம்?

பதில் 1: பெயர் மட்டும் போதாது ஐயா, ஒரே பெயரில் பல கப்பல்கள் உண்டு. முதலில் கப்பலின் அதிகாரபூர்வ எண்ணை, அதாவது பதிவு செய்யும்போது ஒவ்வொரு கப்பலுக்கும் தனியாகக் கொடுத்த எண்ணை, கண்டுபிடியுங்கள். மாலுமிப் பட்டியல்களை அந்த எண்ணை வைத்துத்தான் கேட்க முடியும். 1863–1938 பட்டியல்களில் சுமார் 70 சதவீதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1925, 1935 போல 5-இல் முடியும் ஆண்டுகளுக்கு லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். பட்டியல்களில் 10 சதவீதம் மட்டும் மாதிரியாக லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

பதில் 2: 1918–1921 மாலுமி அட்டைகளையும் விடாதீர்கள். புகைப்படம் ஒட்டிய அட்டைகள் அவை, கிடைத்தால் பொக்கிஷம்! நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பெயரில்தான். குடும்பப் பெயர் இல்லாததால் எழுத்தர் அப்பா பெயரை அந்த இடத்தில் எழுதியிருக்கலாம். அவர் பெயர், அப்பா பெயர் இரண்டையும், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். லஸ்கர்களுக்கு (பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய, ஆசிய மாலுமிகளுக்கு) தனி ஒப்பந்தம் போடுவார்கள்; பொதுப் பட்டியலில் இல்லையென்றால் கப்பலில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

பதில் 3: கடலில் இறந்திருந்தால் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 334 (BT 334) என்ற ஆவண வரிசையைப் பாருங்கள்; 1891 முதலான மாலுமி மரணப் பதிவுகள் அதில் உண்டு. இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்திய மாலுமிகளுக்கு மும்பை, சிட்டகாங் போர் நினைவிடங்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.