குளோஃபாசிமைன்: மேக்ரோபேஜுக்குள் உப்புப் படிகம் வரவில்லை

வணக்கம். ரா 264.7 செல்களில் (எலியின் மேக்ரோபேஜ், அதாவது விழுங்கு செல் வகை) தொழுநோய் மருந்தான குளோஃபாசிமைனின் படிகம் வளர்க்க முயல்கிறோம். வேண்டியது லைசோசோமுக்குள் (செல்லின் அமிலப் பை) சேரும் சிவப்பு ஹைட்ரோகுளோரைடு உப்பு. கிடைப்பதோ செல்லுக்கு வெளியே ஆரஞ்சு ஊசிகள்.

மருந்து 10 மைக்ரோமோலார், கரைப்பான் டிஎம்எஸ்ஓ 0.1%, சீரம் 10%, மொத்தம் 72 மணி நேரம். 24 மணி நேரத்திலேயே ஊசிகள் தெரிகின்றன. போலரைஸ்டு ஒளியில் மின்னுகின்றன, ஆனால் உப்பு ஒளிர வேண்டிய சை5 சேனலில் (தொலைசிவப்பு ஒளிர்வு) ஒளிர்வே இல்லை. அப்படியென்றால் அது உப்பு அல்ல, ஊடகத்தில் வீழ்படிந்த ஃப்ரீ பேஸ்தான் (உப்பாகாத மருந்து).

4 மைக்ரோமோலாருக்குக் குறைத்தோம்: ஊசிகள் குறைந்தன, உள்ளேயும் ஒன்றுமில்லை. ஊடகத்தைத் தினமும் மாற்றினோம். செல்கள் பெயர்ந்து வந்துவிட்டன. லைசோசோம் அமிலத்தன்மையில் கோளாறில்லை. மருந்தின் சொந்த ஒளிர்வு குழப்பும் என்பதால், மருந்திடாத செல்களில் லைசோடிராக்கர் (அமிலப் பைகளில் ஏறும் சாயம்) போட்டுப் பார்த்தோம்: நன்றாக ஏறுகிறது, அமிலமாவதைத் தடுக்கும் பாஃபிலோமைசின் ஏ1 சேர்த்தால் மறைகிறது. செல்கள் வேகமாகப் பிரிவதால் உள்ளே சேர்ந்த மருந்து நீர்த்துப்போகிறது என்பதே என் பலமான சந்தேகம். எலிகளுக்கு வாரக்கணக்கில் உணவில் கொடுத்தால் குப்ஃபர் செல்களில் (கல்லீரல் மேக்ரோபேஜ்கள்) தாராளமாக உருவாகும். அதற்கு இங்கே வழியில்லை.

எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த, பிரியாத மேக்ரோபேஜ்களில் சை5 ஒளிர்வுள்ள படிகம் பெற்றவர்கள் என்ன செறிவில், எத்தனை நாள் வைத்தீர்கள்?