சின்ன லேத்தில் டூல் கட்டுவது: ஓசூர், தருமபுரி வட்டார அனுபவங்கள்

ஓசூர், பாகலூர் சாலையிலிருந்து:

சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எந்த டூல் (வெட்டும் உளி) நல்லது என்றுதான். வாங்கிய டூலை லேத்தில் எப்படிக் கட்டுவது (பொருத்தி இறுக்குவது) என்று கேட்பவர்கள் குறைவு. படுக்கைக்கு மேல் சுமார் 90 மி.மீ. மைய உயரமும் (தண்டு சுழலும் அச்சின் உயரம்), இரு மையங்களுக்கு இடையே 300 முதல் 350 மி.மீ. நீளமும் கொண்ட இந்த மேசை லேத்துகளில் டூல் கட்டும் நேர்த்திதான் வேலையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சிப்காட் பக்கத்துப் பட்டறைகளில் நிற்கும் ஆறடி லேத்துக்கு அதன் எடையே பெரிய பலம். டூல் சற்று ஏறி இறங்கி இருந்தாலும் தாங்கிக்கொள்ளும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மேசை மேல் வைத்துவிடும் நம் லேத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

மத்திகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் வந்தார். சிறிய நீராவி எஞ்சின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். 20 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தண்டை ஃபேசிங் செய்தால் (அதன் முகத்தைத் தட்டையாகக் கடைந்தால்) நடுவில் ஒரு மொட்டு நின்றுவிடுகிறது, டூல் சரியில்லை, புதிதாகக் கார்பைடு (எஃகைவிடக் கடினமான பொருள்) டூல் வாங்கப் போகிறேன் என்றார். தண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முகம் முழுக்க ஒரே சீராக வெட்டியிருந்தது. நட்டநடுவில் மட்டும் கடுகளவு உருளை ஒன்று, ஓரம் கூராக, விரலில் இடறியது. வெர்னியரில் அதன் விட்டம் 1.2 மி.மீ. அப்படியானால் டூல் மையத்துக்கு 0.6 மி.மீ. கீழே நின்று வெட்டியிருக்கிறது. மொட்டின் விட்டத்தில் பாதிதான் டூலின் தாழ்வு. கை ஹேக்ஸா பிளேடின் கனம் ஏறக்குறைய 0.63 மி.மீ. பழைய பிளேடு ஒன்றை உடைத்து, பற்களைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு டூலுக்கு அடியில் கொடுத்தேன். பற்கள் இரண்டு பக்கமும் சாய்ந்திருப்பதால் அப்படியே வைத்தால் டூல் தட்டையாகப் படியாது. அடுத்த முறை ஓட்டியபோது முகம் மொட்டில்லாமல் வந்தது. தம்பி கார்பைடு வாங்கும் யோசனையை அன்றே விட்டுவிட்டார்.

மொட்டு சுத்தமான உருளையாக இல்லாமல் நசுங்கிக் கூம்பாக இழுபட்டிருந்தால் டூல் மையத்துக்கு மேலே நிற்கிறது என்று பொருள். அப்போது வெட்டும் முனை வேலை செய்யாது. அதற்குக் கீழே உள்ள பக்கம் உரசும். கார்பைடாக இருந்தால் முனை பெயர்ந்துபோகும். இந்த நிலையில் மொட்டை அளந்து கணக்குப் போட முடியாது. பேக்கிங்கை (டூலுக்கு அடியில் கொடுக்கும் தகடு) குறைத்துவிட்டு மறுபடி பார்ப்பதே வழி.

சின்ன விட்டத்தில் இந்தப் பிழை எவ்வளவு பெரிதாகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. 50 மி.மீ. தண்டில் டூல் அரை மில்லி மேலே இருந்தால் கோணத்தில் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமாகத்தான் மாறும். அதே அரை மில்லி 10 மி.மீ. தண்டில் கிட்டத்தட்ட 6 டிகிரி. முன்பக்கத்தில் 8 டிகிரி விடுப்பு (உரசாமலிருக்க விடும் சாய்வு) வைத்துத் தீட்டிய டூலுக்கு மிஞ்சுவது 2 டிகிரிதான். நாம் கடைவதோ பெரும்பாலும் விரல் கனத் தண்டுகள். அதனால்தான் சின்ன லேத்துக்காரருக்கு மைய உயரம் உயிர்நாடி.

அவசரத்துக்கு எஃகு ஸ்கேல் போதும். சக்கில் (தண்டைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) உருண்டைத் தண்டைக் கட்டுங்கள். லேத் நின்றிருக்கும்போது ஆறு அங்குல ஸ்கேலைத் தண்டுக்கும் டூல் முனைக்கும் நடுவே நிறுத்தி, கிராஸ் ஸ்லைடை (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) மெல்லத் திருகி ஸ்கேலைப் பிடிக்கவையுங்கள். செங்குத்தாக நின்றால் டூல் மையத்தில் இருக்கிறது. ஸ்கேலின் மேல்நுனி உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் கீழே. அந்தப் பக்கம் சாய்ந்தால் மேலே. அழுத்தித் திருகினால் முனை உடையும், பட்டால் நிறுத்திவிட வேண்டும். டெயில் ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனைத் தாங்கி) டெட் சென்டரை (சுழலாத கூர்முனை) மாட்டி அதன் கூருக்கு நேராக டூலை வைப்பதும் நல்ல முறைதான். ஆனால் மலிவு லேத்துகளில் டெயில் ஸ்டாக்கே சற்று ஏறியோ இறங்கியோ இருப்பதுண்டு. ஃபேசிங் பொய் சொல்லாது, கடைசி வார்த்தை அதனுடையதாகவே இருக்கட்டும்.

பேக்கிங் தகடு டூல் போஸ்டின் (டூலை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) முன் விளிம்பு வரை வர வேண்டும். பின்னால் மட்டும் வைத்தால் வெட்டும்போது டூல் முன்பக்கம் தலை குனியும். காகித அட்டை வேண்டவே வேண்டாம், அமுங்கிவிடும். மெல்லிய வித்தியாசத்துக்கு ஷேவிங் பிளேடு 0.1 மி.மீ. கனத்தில் கிடைக்கிறது. திருகுகளை இறுக்கிய பிறகு உயரத்தை இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். இறுக்கும்போது தகடுகள் படிந்து டூல் இறங்கும்.

தருமபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற டர்னர்:

தம்பி எழுதியதை வரி வரியாகப் படித்தேன். மொட்டை வெர்னியரில் அளந்து பேக்கிங் கணக்குப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது என்பதே மனதுக்கு நிறைவு. நான் ஐ.டி.ஐ. முடித்து, ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகிய 1980களில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்போது பயிற்சிக்கு வருபவர் கையில் முதலில் கொடுப்பது எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற வெட்டு எஃகு) பிட்டும் கிரைண்டரும்தான். டூல் தீட்டத் தெரியும் வரை லேத் பக்கம் விடமாட்டார்கள். சின்ன லேத் வைத்திருப்பவர்களுக்கும் அதுவே என் ஆலோசனை. கார்பைடு வேகம் கேட்கும், இறுக்கம் கேட்கும். உங்கள் இயந்திரம் இரண்டையும் முழுதாகக் கொடுக்காது. கூராகத் தீட்டிய எச்.எஸ்.எஸ். பிட் குறைந்த விசையில் வெட்டும், லேத் நடுங்காது.

எம்.எஸ்.ஸுக்கு முன்பக்கமும் பக்கவாட்டிலும் 8 டிகிரி அளவில் விடுப்பு, மேலே பக்கச் சரிவு 12 முதல் 14 டிகிரி. அலுமினியத்துக்கு மேல்சரிவு இன்னும் கூடலாம். பித்தளைக்கு மேல்சரிவே கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கே பட்டுக்கூடு அங்காடி இருப்பதால் பட்டு நூற்பு இயந்திரங்களின் சில்லறை வேலைகள் பட்டறைகளுக்கு வரும். பித்தளை புஷ் (தண்டு சுழலும் குழல்) ஒன்றை ஓர் இளைஞர் எம்.எஸ். கடையும் டூலாலேயே கடைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். டூல் தானாகவே பொருளுக்குள் இழுத்துக்கொண்டு போனது. கைப்பிடியைத் திருகாமலே வெட்டு ஆழமாகியது. புஷ் சக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. நல்லவேளை, எதிரே யாரும் இல்லை. அதே டூலை வாங்கி, வெட்டும் விளிம்பின் மேல்முகத்தை எண்ணெய்க் கல்லில் நூலிழை அகலத்துக்குத் தட்டையாக்கிக் கொடுத்தேன். பித்தளை மணல் போலப் பொடிப்பொடியாகக் கொட்ட ஆரம்பித்தது. பித்தளை அப்படிக் கொட்டினால்தான் டூல் சரி.

தீட்டும்போது எச்.எஸ்.எஸ். சூடேறினால் தண்ணீரில் தொட்டு எடுக்கலாம். கார்பைடைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடும். கார்பைடுக்குப் பச்சை நிறச் சிலிகான் கார்பைடு கல் தனியாக வேண்டும். சாதாரணக் கல் அதைத் தீட்டாது. கிரைண்டரின் தாங்கிக்கும் கல்லுக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது.

வேகத்துக்கு ஒரு கணக்கு. எச்.எஸ்.எஸ். டூலில் எம்.எஸ்.ஸுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. தண்டுக்குச் சுமார் 320 சுற்று வரும். விட்டம் பாதியானால் சுற்று இரட்டிப்பாகும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் அட்டவணை தேட வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தோளில் துண்டு போட்டுக்கொண்டு லேத் முன் நிற்காதீர்கள். கையுறையும் போடாதீர்கள். வீட்டில்தானே என்ற எண்ணம்தான் ஆபத்து.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

ஐயாவின் பித்தளை விவரத்துக்கு நன்றி. நான் பார்ட்டிங், அதாவது தண்டை லேத்திலேயே மெல்லிய பிளேடால் அறுத்துத் துண்டாக்குவது பற்றி எழுதுகிறேன். சின்ன லேத் வைத்திருப்பவர்கள் பலர் பார்ட்டிங்கைக் கண்டு பயந்து ஹேக்ஸாவால் அறுக்கிறார்கள். என் நண்பரும் அப்படித்தான். பார்ட்டிங் என்றாலே அவர் லேத் கடகடவென்று அதிரும், பிளேடு உடையும். போய்ப் பார்த்தேன். 16 மி.மீ. தண்டை அறுக்கப் பிளேடு 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. அறுக்கும் இடம் சக்கிலிருந்து வெகுதூரம். கிராஸ் ஸ்லைடைக் கையால் ஆட்டினால் ஆடியது.

முதலில் கிராஸ் ஸ்லைடு, அதன் மேலுள்ள கம்பவுண்ட் (சிறிய நகர்வுத் தளம்) இரண்டின் கிப் திருகுகளையும் (ஆட்டத்தைக் குறைக்கும் திருகுகள்) இறுக்கினோம். நகர்த்தினால் கொஞ்சம் கனமாக வர வேண்டும், அந்த அளவுக்கு. பிளேடை உள்ளே தள்ளி 10 மி.மீ. மட்டும் வெளியே விட்டோம். அறுக்கும் ஆரம் 8 என்பதால் அது போதும். பிளேடின் பக்கத்தைச் சக்கின் முகத்தோடு ஒட்டவைத்து நேர் பார்த்த பிறகே இறுக்கினோம். கோணலாக நின்றால் பிளேடு பள்ளத்தின் சுவரில் உரசி வளையும். தண்டைச் சக்கை ஒட்டிப் பிடித்து, கேரேஜை (இவற்றைத் தாங்கி நீளவாக்கில் நகரும் பகுதி) பூட்டி, கடையும் வேகத்தில் பாதியில் ஓட்டினோம். சொட்டுச் சொட்டாக எண்ணெய். கைப்பிடியை நிறுத்தாமல் ஒரே சீராகத் திருகச் சொன்னேன். பயந்து பயந்து நிறுத்தினால் பிளேடு வெட்டாமல் தேய்க்கும், அங்கிருந்துதான் அதிர்வு தொடங்குகிறது. இந்த முறை பள்ளத்திலிருந்து சுருள் கடிகார ஸ்பிரிங் வடிவில் சுருண்டு சுருண்டு வந்தது. துண்டு தானாக விழுந்தது. பிளேடு அதே பழைய பிளேடுதான்.

இரு முனையும் சென்டரில் தாங்கிய தண்டை மட்டும் பார்ட்டிங் செய்யாதீர்கள். அறுந்த நொடியில் இரண்டு துண்டும் பிளேடை நெருக்கிச் சிக்கவைக்கும்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி:

தக்காளித் தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்காக ஒரு புஷ் கடைகிறேன். வெளிப்பக்கம் நன்றாக வருகிறது. உள்ளே 14 மி.மீ. துளையைப் போரிங் செய்தால் (உள்ளே கடைந்து பெரிதாக்கினால்) மட்டும் டூல் கத்துகிறது, துளையின் உள்ளே அலை அலையாகக் கோடு. மையத்துக்குச் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம் அண்ணா?

ஓசூர், பாகலூர் சாலையிலிருந்து:

போரிங்கில் சரியான மையம் கொஞ்சம் தாழ்வாகவே முடியும் தம்பி. போரிங் பார் (டூலைத் தாங்கும் தண்டு) மெல்லியது, வெட்டும்போது கீழே வளையும். மையத்துக்குக் கீழே போனதும் டூலின் அடிப்பக்கம் துளையின் சுவரில் இடிக்கிறது, முனையும் ஆழமாகக் கடிக்கிறது. அதனால் போரிங் டூலை மையத்துக்கு 0.1, 0.2 மி.மீ. மேலே கட்டுங்கள். ஒரு ஷேவிங் பிளேடு கனம் போதும். வளைந்த பிறகு அது மையத்துக்கு வந்து நிற்கும்.

துளைக்குள் நுழையும் அளவில் மிகத் தடித்த பாரை எடுங்கள். 14 மி.மீ. துளைக்கு 10 மி.மீ. பார் போகும். எஃகு பார் என்றால் அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம், உங்கள் பாருக்கு 40 மி.மீ. முனையின் வட்டம் பெரிதாக இருந்தாலும் கத்தும். எண்ணெய்க் கல்லில் தேய்த்து 0.2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு லேத்தை நிறுத்தி, டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். டூலின் குதிப்பக்கம் (முனைக்குக் கீழுள்ள பகுதி) சுவரில் எங்காவது பளபளவென்று உரசியிருந்தால் அந்த இடத்தைக் கிரைண்டரில் இன்னும் கொஞ்சம் தட்டி எடுங்கள். அதற்குப் பிறகும் கோடு விழுந்தால் சுற்றைக் குறைத்து, நகர்த்தும் வேகத்தைச் சற்றுக் கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். புஷ் எந்த உலோகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) என்றால் ஐயா சொன்ன தட்டையான மேல்முகம் உங்களுக்கும் தேவைப்படும்.